நான்காவது உரிமையாளர்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. நிறுவனங்களின் இணையதளத்தில் "எங்களைப் பற்றி" என்று ஒரு பொத்தான் இருக்குமே, யாரும் அழுத்தாத பொத்தான், அதற்குள் போட முந்நூறு சொல் எழுதித் தரச் சொன்னார்கள். எழுபத்தோரு வருடம் ஓடிய 'கொதிகலன்' என்ற தொழில் மாத இதழின் உரிமையாளர் வரலாறு. யார் தொடங்கினார், யாரிடமிருந்து யாருக்குப் போனது, கடைசியில் இப்போது வாங்கியிருக்கும் இவர்களிடம் எப்படி வந்து சேர்ந்தது. அதே முந்நூறு சொல் இதழின் கடைசி அச்சுப் பிரதியிலும் கடைசிப் பக்கத்தில் வரும் என்றார்கள். இந்த மாதத்தோடு அச்சு நிற்கிறது.

இப்படி நான் நிறைய எழுதியிருக்கிறேன். பல் மருத்துவமனைக்கு, பிளாஸ்டிக் நாற்காலிக்கு, ஒரு தடவை மின்மயானத்துக்குக்கூட. எழுதி எழுதி "நம்பிக்கை", "பாரம்பரியம்" என்ற இரண்டு சொற்களைக் கண்டாலே எனக்குக் கொட்டாவி வருகிறது. ஆனாலும் பழக்கதோஷம், இப்படித்தான் ஆரம்பித்தேன்:

எழுபத்தோரு ஆண்டுகளாக நம்பிக்கையின் பாரம்பரியத்தை

(விட்டுவிட்டேன்.)

நீராவியின் வரலாறு என்பது உண்மையில் மனிதனின்

(இதையும். எந்த மனிதன், என்ன உண்மை.)

'கொதிகலன்' இதழுக்கு இதுவரை ஆறு உரிமையாளர்கள் இருந்திருக்கிறார்கள்.

இது பரவாயில்லை. சின்ன வாக்கியம், யாருக்கும் வலிக்காத வாக்கியம். இதற்குக் கீழே ஆறு பேரையும் ஆண்டுகளையும் வரிசையாகப் போட்டால் என் வேலை முடிந்தது. ஒரே ஒரு குறை, வாக்கியம் தப்பு. உரிமையாளர்கள் ஆறு பேர் இல்லை, ஏழு பேர். விட்டுப்போன அந்த ஆளால்தான் முந்நூறு சொல்லில் முடிய வேண்டியது இப்படி இழுத்துக்கொண்டு போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

இதழைத் தொடங்கியவர் ஒரு கொதிகலன் ஆய்வாளர். ஆலை ஆலையாகப் போய், நீராவி உண்டாக்கும் அந்தப் பெரிய இரும்பு உருளைகளைத் தட்டிப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற உத்தியோகம். போகிற இடமெல்லாம் அதே ஐந்து கேள்வியைக் கேட்டு உயிரை எடுத்தார்களாம். பதிலை அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டால் வாயாவது மிஞ்சும் என்று இதழைத் தொடங்கினார். ஆக, மாபெரும் பாரம்பரியம் ஒருவருடைய சலிப்பில் பிறந்திருக்கிறது. இதைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் பிரியமே வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் நடத்தினார்.

பிறகு வயதாகிவிட்டது என்று மருமகனிடம் ஒப்படைத்தார். மருமகனுக்குக் கொதிகலனுக்கும் குளிக்க வெந்நீர் போடுகிற அண்டாவுக்கும் வித்தியாசம் தெரியாது. மாமனார் மனம் கோணக்கூடாதே என்று பதினாறு வருடம் ஒரு மாதம் தவறாமல் வெளியிட்டார். ஒரு வரிகூடப் படித்ததில்லை என்பதை விருந்துகளில் அவரே பெருமையாகச் சொல்வாராம். மாமனார் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம் இதழை ஒரு வால்வு முதலாளிக்குக் கைமாற்றினார். வால்வு முதலாளி வாங்கியது விளம்பரத்துக்கு. முன்னட்டை உள்பக்கம், பின்னட்டை, நடுப்பக்கம், எங்கே திருப்பினாலும் அவர் வால்வு. பதினான்கு வருடம்.

அடுத்து ஒரு கண்காட்சிக்காரர். தொழில் கண்காட்சி நடத்துகிறவர், எட்டு வருடம் வைத்திருந்தார். அவரிடமிருந்து பதினெட்டு இதழ்கள் வைத்திருந்த ஒரு கம்பெனிக்குப் போனது: கோழிப்பண்ணை, பல் மருத்துவம், தரைவிரிப்பு, கூடவே கொதிகலன்.* அங்கே பதினொரு வருடம். இப்போது வாங்கியிருப்பது இணைய நிறுவனம். அவர்களுக்கு வேண்டியது வாசகர்களின் முகவரிப் பட்டியல். இதழ் வேண்டாம்.

* அந்தக் காலத்தில் ஒரு மாதம் 'கொதிகலன்' அட்டையில் தவறுதலாகக் கோழிப் படம் வந்துவிட்டது. ஒரு வாசகரும் புகார் செய்யவில்லை. இதை முந்நூறு சொல்லுக்குள் கொண்டுவர ரொம்பப் பாடுபட்டேன். முடியவில்லை.

3

ஆறு பேர் பட்டியலை எனக்குக் கொடுத்தது இதழின் துணையாசிரியர். முப்பத்தொரு வருடமாக அங்கே இருக்கிற அம்மா. ஆசிரியர் என்று ஒருவர் எப்போதும் இருந்தார், மாறிக்கொண்டே இருந்தார். வேலை பார்த்தது இவர்.

அலுவலகம் ஒரு அச்சகத்தின் மாடியில் இருந்தது. நான் போன மதியம் பாதி காலி செய்திருந்தார்கள். நாற்காலிகள் முதுகில் எண் ஒட்டிய சீட்டோடு வரிசையாக நின்றன. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேசைக்கண்ணாடி லேசாக நடுங்கியது, அவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே பேசினார், அப்படி வைத்திருப்பது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். பட்டியலை வாங்கி மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். வேறொன்றும் இல்லை, புதிதாக வாங்கிய இணைய நிறுவனத்தார் படம் போட்டுக் காட்ட மாதமும் வருடமும் கேட்டிருந்தார்கள்.

"நடுவுல ஒரு மாசம் இடிக்குதேம்மா. வால்வுக்காரர் மார்ச்சோட முடிச்சிட்டார். கண்காட்சிக்காரர் மே மாசம் ஆரம்பிக்கிறார். ஏப்ரல்ல யாரு?"

"அது ஒண்ணும் இல்லைங்க. கை மாறற மாசம்."

"ஏப்ரல் இதழ் வந்திருக்கே?"

அவர் எழுந்துபோய்க் கட்டுக்குள்ளிருந்து அந்த இதழை எடுத்து வந்தார். தேடவில்லை, நேராகக் கையை வைத்து எடுத்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் "உரிமையாளர், வெளியிடுபவர்" என்று போட்டு அதற்கு எதிரே அவர் பெயர்.

"சும்மா பேருக்குங்க" என்றார்.

இனிமேல் நான் அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன். அவர் சொன்னது பாதி, நான் நிரவியது பாதி. எது எது என்று கேட்காதீர்கள், எனக்கே இப்போது குழம்பிவிட்டது.

பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ஏப்ரல். வால்வு முதலாளி அவசரமாக இதழை விற்றுவிட்டார். வாங்கிய கண்காட்சிக்காரரின் பத்திரங்கள் பதிவாகி வர ஒரு மாதம் ஆகும். நடுவில் இதழ் நிற்கக் கூடாது.

"ஒரு மாசம் நின்னாலும் பதிவு போயிடும்மா" என்றார் மேலாளர். "உங்க பேரைப் போட்டுக்கறேன். ஒரே ஒரு இதழ்."

"எனக்கு என்ன சார் தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேண்டாம். கையெழுத்துப் போட்டா போதும்."

போட்டார். இதழ் வந்த அன்று வீட்டுக்கு ஒரு பிரதி எடுத்துப்போய்க் காட்டினார். கணவர் தையல் இயந்திரம் பழுதுபார்க்கிறவர், கைத் துணியில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டே அந்தப் பொடி எழுத்தைப் படித்தார். "முதலாளியம்மா வந்தாச்சு. காபி நீங்க போடறீங்களா, தொழிலாளி போடட்டுமா?" என்றார். அன்றைக்குக் காபி கணவர்தான் போட்டார். துணையாசிரியர் அந்தப் பிரதியைப் பீரோவில் நல்ல புடவைகளுக்கு நடுவே வைத்தார். சும்மா பேருக்குத்தான், இருந்தாலும் உள்ளுக்குள் அவருக்குக் கொஞ்சம் பெருமை. இதைச் சொல்லும்போதுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

4

இந்த இடத்தில் ஒரு சதி இருந்தால் உங்களுக்கும் சௌகரியம், எனக்கும் சௌகரியம். எழுதிப் பார்த்தேன்:

வால்வு முதலாளியின் ரகசியத்தை ஏப்ரல் இதழுக்கு வந்த ஒரு வாசகர் கடிதம் அம்பலமாக்கிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் மேலாளரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி

(அழித்தாயிற்று. துணையாசிரியரிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அவர் கம்பெனி வால்வே இல்லைங்க அது. வேற யாரோடதோ" என்றார். "இடம் பத்தல. அவ்வளவுதான்.")

நடந்தது இது. 'வாசகர் அனுபவம்' என்று ஒரு பக்கம் உண்டு. கொதிகலனை ஓட்டுகிறவர்கள் தங்கள் ஆலையில் கண்டதை எழுதி அனுப்புவார்கள். அந்த ஏப்ரலில் ஒரு அட்டை ஆலையின் கொதிகலன்காரர் பாதுகாப்பு வால்வைப் பற்றி எழுதியிருந்தார். உள்ளே அழுத்தம் அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விட வேண்டியது பாதுகாப்பு வால்வு. அது சிக்கிக்கொண்டால் கொதிகலன் வெடிக்கும். அவர் ஆலையில் அது மூன்று முறை சிக்கியிருக்கிறது. எந்தத் தேதியில், எவ்வளவு அழுத்தத்தில், என்ன செய்தார் என்று பொறுமையாக எழுதியிருந்தார்.

பக்கம் கட்டி முடித்து அச்சுக்கு அனுப்பும் நேரத்தில் ஒரு கையுறை விளம்பரம் வந்தது. ஒன்பது வரி இடம் வேண்டும். கீழேயிருந்து அச்சகக்காரர் மூன்று தடவை குரல் கொடுத்துவிட்டார். துணையாசிரியர் கடிதத்தின் அடியிலிருந்து ஒன்பது வரியை வெட்டினார்.

அடியிலிருந்து வெட்டுவது நாளிதழ்ப் பழக்கம். அவர் முதலில் வேலை பார்த்தது ஒரு நாளிதழில். செய்தியில் முக்கியமானது தலையில் இருக்கும், வாலில் ஒன்றும் இருக்காது, படிக்காமலே நறுக்கலாம். ஆனால் கொதிகலன்காரர்கள் செய்தி எழுதுவதில்லை, அறிக்கை எழுதுகிறார்கள். கண்டதையெல்லாம் முதலில் சொல்லி, முடிவைக் கடைசியில் வைப்பார்கள். அதற்குள் பன்னிரண்டு வருடம் 'கொதிகலன்' இதழில் இருந்தவருக்கு இது நன்றாகத் தெரியும். வேறு எந்த மாதமும் அவர் நடுவிலிருந்துதான் வெட்டுவார். அன்றைக்குக் கை பழைய வழிக்குப் போய்விட்டது.

அச்சில் அந்தக் கடிதம் இப்படி முடிந்தது: "மூன்று முறையும், வால்வின் மேல்மூடியை மரச்சுத்தியலால் மெல்லத் தட்டியதும் திறந்துகொண்டது."

யோசனை சொல்வதைப் போலவே இருக்கிறது, இல்லையா. சிக்கினால் தட்டுங்கள், திறக்கும்.

5

ஜூன் மாதம் அந்த அட்டை ஆலையில் கொதிகலன் வெடித்தது. கடிதம் எழுதியவர் அன்று வேலையில் இல்லை. பணியில் இருந்து இறந்துபோனவர் அவருடைய தங்கை கணவர். அவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவர்தான். மச்சான் கையில் மரச்சுத்தியல் இருந்தது.

விசாரணையில் ஏப்ரல் இதழை மேசைமேல் வைத்தார்கள். வால்வு சிக்குவது கடிதம் எழுதியவருக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கொதிகலனை ஓட்டினார். ஆபத்தான ஒரு பழக்கத்தை மற்றவர்களுக்கும் எழுதிப் பரப்பினார் என்றார்கள். எழுத்து மூலம் எந்தப் புகாரும் வரவில்லை என்று ஆலை நிர்வாகம் கையை விரித்தது. கொதிகலன் ஓட்டும் சான்றிதழை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். தங்கை அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு அண்ணனோடு பேச்சை நிறுத்தினார். ஒரே தெரு, நான்கு வீடு தள்ளி. பத்தொன்பது வருடமாக எதிரே வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு ஓரமாகப் போய்விடுகிறார்.

வெட்டப்பட்ட ஒன்பது வரியில் என்ன இருந்தது என்று கொதிகலன்காரர் சொல்கிறார்: இப்படித் தட்டுவது சரியான வழி அல்ல, யாரும் செய்ய வேண்டாம். வால்வை மாற்றச் சொல்லி நிர்வாகத்துக்கு இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாற்றும்வரை அழுத்தத்தைப் பாதிக்குக் குறைத்து ஓட்டுகிறேன்.

அந்த வரிகளை அச்சிடுங்கள் என்று வருடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மூலக் கடிதம் இல்லை. கண்காட்சிக்காரர் பொறுப்பேற்றதும் பழைய காகிதத்தையெல்லாம் மூட்டை கட்டிக் கூழாலைக்கு அனுப்பிவிட்டார். அவரிடம் துணையாசிரியர் விஷயத்தைக் கொண்டுபோனபோது, "அது என் காலத்துல இல்லையேம்மா" என்றார். வால்வு முதலாளியோ, "நான் அப்பவே குடுத்துட்டேனே" என்றார். பதினெட்டு இதழ் கம்பெனியின் அதிகாரி நாற்காலியைத் திருப்பாமலே, "பேரைத்தான் வாங்கினோம், பழைய வம்பை வாங்கலை" என்றார். மூன்று பேரும் சொன்னது உண்மை. யாருடைய காலத்திலும் இல்லாத ஒரு மாதத்தில் அது நடந்திருந்தது. அந்த மாதம் யாருடையது என்று துணையாசிரியருக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் "தங்கள் கடிதம் உரிமையாளரின் பார்வைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று தட்டச்சு செய்து, கீழே கையெழுத்துப் போட்டு, தானே தபாலில் சேர்த்தார்.

(அவர்மேல் கோபப்படுங்கள். எனக்கும் வந்தது. ஆனால் பத்தொன்பது கடிதத்தையும் ஒன்றைக்கூடக் கிழிக்காமல் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். அந்த அடுக்கைப் பார்த்த பிறகு என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.)

6

கொதிகலன்காரரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை.

கடிதங்களை வரிசையாகப் படித்தேன். முதல் வருடக் கடிதத்தில் "இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன்" என்கிறார். எட்டாம் வருடம் அது மூன்று முறை ஆகிறது. பன்னிரண்டாம் வருடம் அழுத்தத்தைக் குறைத்த விஷயமே இல்லை, பதினைந்தாம் வருடம் திரும்ப வருகிறது. ஒன்பது வரியில் இத்தனையும் அடங்குமா என்று எழுதிப் பார்த்தேன். பதினொரு வரி ஆனது. மனிதர் பொய் சொல்கிறாரா? இல்லை, பத்தொன்பது வருடம் ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டிருந்தால் நினைவு தேய்ந்து, தேய்ந்த இடத்தில் வேறு ஏதாவது முளைக்குமா? தெரியவில்லை. மச்சானை அந்தச் சுத்தியலோடு விட்டது இவர்தான் என்றும் இருக்கலாம். அதை நினைத்துக்கொண்டு உயிர் வாழ முடியாமல் ஒன்பது வரியை மனதுக்குள் கட்டிக்கொண்டிருக்கலாம்.

பிறகு அந்த ஒன்பது வரியை நானே எழுதினேன். மறைக்க என்ன இருக்கிறது, இது என் தொழில். அவருடைய நடையிலேயே, தேதியோடு, எண்ணிக்கையோடு எழுதினேன். மிக நன்றாக வந்தது. படித்தால் எந்தத் தங்கையும் அழுதுவிடுவாள். அதைக் காகிதத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது. கிழித்துப் போட்டேன். இந்தக் கதையில் அந்த வரிகள் எங்கேயும் வராது, தேட வேண்டாம்.

7

சென்ற செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. துணையாசிரியர் கடைசி இதழின் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. குரலை அவர் இதற்கு முன் கேட்டதில்லை. எழுத்தை மட்டும்தான் தெரியும்.

"கடைசி இதழாமேம்மா."

யார் என்று கேட்காமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆமாங்க."

"அப்போ இனிமே யாருக்கு எழுதறது?"

துணையாசிரியர் சிவப்புப் பேனாவை மூடினார், திறந்தார்.

"தங்கச்சிக்கு அறுபத்தாறு ஆகுது" என்றார் கொதிகலன்காரர். "கண்ணுல புரை விழுந்திருக்கு. படிக்க முடியறப்பவே படிச்சிட்டா நல்லதுன்னு பாக்கறேன். என்கூடப் பேசணும்னு இல்லைம்மா. படிச்சா போதும்."

"சரிங்க."

"அந்த மாசம் முதலாளி யாருன்னு மட்டும் சொல்லுங்க. நேர்ல போய்க் கேக்கறேன். கால்ல விழச் சொன்னாலும் விழறேன்."

கீழே இயந்திரம் நின்றிருந்தது. மேலே அவர் ஒருவர்தான்.

"நான்தாங்க" என்றார்.

"நீங்க அங்க வேலை பாக்கறவங்க இல்லையா?"

"ஆமாங்க. அந்த ஒரு மாசம் மட்டும் முதலாளின்னு என் பேரைப் போட்டாங்க. வெட்டினதும் நான்தான்."

வசவு வரும் என்று காதிலிருந்து கருவியைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தார். வரவில்லை. வந்தது அதைவிடக் கஷ்டமானது. அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது.

"அப்போ உங்களுக்குத் தெரியும்! நான் என்ன எழுதியிருந்தேன்னு உங்களுக்குத் தெரியும் இல்லம்மா? நீங்கதானே வெட்டினீங்க?"

இவ்வளவு காலம் அவர் குற்றவாளியைத் தேடவில்லை, சாட்சியைத் தேடியிருக்கிறார். துணையாசிரியருக்கு அது அப்போதுதான் உறைத்தது. ஒரு "ஆமாங்க" சொன்னால் போதும். "படித்தேன், இருந்தது, நான் சாட்சி" என்று கடைசி இதழில் நான்கு வரி போட்டுவிடலாம். தங்கை படிப்பார். யாருக்கும் நஷ்டமில்லை.

(இங்கே நான் அவரைப் பிடித்து உலுக்கினேன். சொல்லுங்களேன், உங்களுக்கு என்ன போகிறது என்று கெஞ்சினேன். ஆமாம் என்று அவர் சொல்வதாக ஒரு பக்கம் எழுதியும் வைத்திருக்கிறேன். அது அங்கே, மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஆனால் அவர் என்னிடம் சொன்னது வேறு.)

"படிக்கலைங்க" என்றார். "படிக்காமதான் வெட்டினேன்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தார். பிறகு கொதிகலன்காரர் கேட்டார், யாரையும் குறிப்பாகக் கேட்கவில்லை.

"ஒருத்தர்கூடப் படிக்கலையா."

துணையாசிரியர் அழுதார். அலுவலகத்தில் அழுதது முப்பத்தொரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. மன்னிச்சிடுங்க என்று வாய்வரை வந்தது, அது அவ்வளவு சின்னச் சொல்லாக இருந்ததால் சொல்லவில்லை.

"அழாதீங்கம்மா" என்றார் அவர். குரல் இப்போது தளர்ந்திருந்தது. "அதையே போடுங்க. கடைசி ஒன்பது வரிய வெட்டினாங்க, படிக்காம வெட்டினாங்க, வெட்டினது இன்னார்னு போடுங்க. கடிதம் அந்தச் சுத்தியலோட முடியலைன்னு அவளுக்குத் தெரிஞ்சா போதும். மீதிய நான் சொல்லிக்கறேன். கேப்பாளோ மாட்டாளோ."

8

மறுநாள் துணையாசிரியர் எனக்கு ஒரு புதிய பட்டியல் அனுப்பினார். ஏழு பெயர். நான்காவதாக அவர் பெயர், எதிரே "ஒரு மாதம்". அதன் கீழே இரண்டு வரி: அந்த மாத இதழில் வாசகர் கடிதம் ஒன்றின் கடைசி ஒன்பது வரிகள் படிக்காமல் வெட்டப்பட்டன, வெட்டியவர் மேற்படி உரிமையாளர்.

"நான் போட்டா தூக்கிடுவாங்க" என்றார் தொலைபேசியில். "எழுதினவர் நீங்க. நீங்க போட்டா கேப்பாங்க."

அவர் என்னை ரொம்ப உயரத்தில் வைத்திருக்கிறார். ஆனாலும் போட்டேன். முந்நூறு சொல்லுக்குள் அடக்குவதற்காகப் பாரம்பரியம் முழுவதையும் தூக்கினேன், அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. நிறுவனத்துக்கு அனுப்பினேன். இன்று காலை பதில் வந்தது. மிக மரியாதையான பதில்:

"நான்காவது பெயர் அவசியமா? ஒரு மாதம்தானே. எங்கள் படத்தில் ஆறு கட்டங்கள் இருக்கின்றன. ஆறு என்றால் அழகாகப் பொருந்துகிறது. மாலை நான்கு மணிக்குள் சொல்லவும். பதில் இல்லையெனில் ஆறு என்று எடுத்துக்கொள்கிறோம்."

இனி இந்தக் கதைக்கு முடிவு என்ன என்று யோசித்தேன்.

முதல் முடிவு: நான் சண்டை போடுகிறேன், ஜெயிக்கிறேன், இதழ் வருகிறது, தங்கை படிக்கிறார், நான்கு வீடு தாண்டி அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். (இந்த முடிவை எழுதினவனை நானே நம்ப மாட்டேன்.)

இரண்டாவது: நான் பதில் போடாமல் இருந்துவிடுகிறேன். நான்கு மணி ஆகிறது. ஆறு கட்டம், ஆறு பெயர், எல்லாம் அழகாகப் பொருந்துகிறது. (இதுதான் நடக்கும் என்று என்னை அறிந்தவர்கள் சொல்வார்கள். களைப்பாக இருக்கிறது என்று நானும் சொல்வேன். அது பொய்யும் இல்லை.)

மூன்றாவது: முடிவை உங்கள் கையில் கொடுத்துவிடுவது. வாசகரே, நீங்களே தீர்மானியுங்கள் என்று கௌரவமாக ஒதுங்கிக்கொள்வது. இந்த மாதிரிக் கதைகளில் அப்படிச் செய்வதுதான் வழக்கம், இதைத் தொடங்கும்போது என் எண்ணமும் அதுதான். இப்போது மனம் வரவில்லை. இதை உங்களிடம் தள்ளினால் நானும் கைமாற்றி விட்டவர்களில் ஒருவன் ஆகிவிடுவேன்.

அதுவரை எழுதியிருந்தபோது தொலைபேசி அடித்தது. துணையாசிரியர்.

"அவர் தங்கச்சி போன் பண்ணினாங்க" என்றார். மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறி வந்திருக்க வேண்டும். "அண்ணன் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாராம். கடைசி இதழ்ல ஏதோ வருதாமேன்னு கேட்டாங்க. வேற ஒரு வார்த்தை பேசலை. எந்தப் பக்கம்னு மட்டும் கேக்கறாங்க. இன்னொரு போன்ல லைன்ல இருக்காங்க. என்ன சொல்லட்டும்?"

சுவரில் மணி மூன்று ஐம்பது. இதழின் கடைசிப் பக்கம், அது எனக்குத் தெரியும். அதில் என்ன அச்சாகப்போகிறது என்பதுதான் தெரியாது.

"முப்பத்திரண்டாம் பக்கம்னு சொல்லுங்கம்மா" என்றேன்.

சொல்லியாகிவிட்டது. என் பேச்சை நம்பி அந்தப் பக்கம் ஒரு பெண்மணி எண்ணை எழுதிக்கொண்டிருப்பார். நிறுவனத்தில் யாரைக் கூப்பிட வேண்டும், அவர் எடுப்பாரா, எடுத்தால் என்ன சொல்லி அவரை மசிய வைப்பது, ஒன்றும் எனக்குத் தெரியாது. பத்து நிமிடம் இருக்கிறது. மன்னிக்க வேண்டும், கதையை இங்கேயே விட்டுவிட்டு நான் போய் அவர்களிடம் பேச வேண்டும்.